ஆளுக்கொரு போடி ரயில்

பொம்மை ரயில் என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் மேசைமேல் இருக்கும் எஞ்சினைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "இதுக்குப் போயி இம்புட்டு ரூவாயா? பேரனுக்கா?" என்று கேட்டால், ஒரு காபியைக் கொடுத்து அனுப்பிவிடலாம். அனுப்ப முடியாதவர்கள் என் கூட்டாளிகள். என் ஆதங்கமெல்லாம் அவர்கள்மேல்தான்.

போடி, தேனி, மேலே மலை என்று சிதறிக் கிடக்கிற சிலபேர் நாங்கள். ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்ப்பவர் ஒருவர், எலக்ட்ரிக் கடைக்காரர் ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி ஒருவன். எல்லாருக்கும் ஒரே கிறுக்கு. பழைய மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி மேசைமேல் ஓடவிட வேண்டும். ஒரே கிறுக்குப் பிடித்தவர்கள் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைப்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடிக்கு வந்து பார்க்கட்டும்.

முதல் தகராறு பெட்டியின் நிறத்தில் ஆரம்பித்தது. "போடி ரயிலு சிவப்புய்யா, காஞ்ச மிளகா வத்தல் மாதிரி" என்கிறார் ரயில்வே அண்ணன். "நீங்க எந்த ஊரு ரயிலப் பாத்தீங்க? நீலம்ணே, நான் ஏறிப் போயிருக்கேன்" என்கிறார் கணக்குக்காரர். இரண்டும் சரிதான். மீட்டர் கேஜ் பெட்டிகள் வெகுகாலம் செம்பழுப்பாக ஓடி, பிறகு நீலத்துக்கு மாறின. ஆனால் எந்த வருஷம் பார்த்தது என்று மட்டும் இருவரும் சொல்ல மாட்டார்கள். எஞ்சினுக்கும் இதே கதை. ஒருவருக்குப் புகை கக்கும் நீராவி எஞ்சின் வேண்டும். இன்னொருவருக்கு ஒய்டிஎம்-4 டீசல் தவிர வேறெதுவும் போடி ரயிலே இல்லை. ஆளுக்கொரு வருஷத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே மேசையில் ரயில் விடப் பார்க்கிறோம்.

வருஷத்தைத் தீர்மானிப்பது லேசான காரியமும் அல்ல. இந்தப் பாதையின் ஜாதகம் அப்படி. 1928இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியோடு மீட்டர் கேஜை மூடினார்கள். அகலப் பாதையில் தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூன் 15. இத்தனை தடவை பிடுங்கி நட்ட பாதையில் எந்த வருஷத்து ரயிலை விடுவது?

நான் ஒன்று சொன்னேன்: 2010, கடைசி மாதம். எல்லாருக்கும் நினைவிருக்கும், சண்டை வராது. ரயில்வே அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சாவு வீட்ட எதுக்குப்பா பொம்மை செய்யணும்?" என்றார். அதற்குமேல் யாரால் வாயைத் திறக்க முடியும்?

மலைத்தம்பி போடும் பிரச்சினை இதற்கெல்லாம் தாத்தா. அவனுக்குப் போடி ரயிலோடு மூணாறு ரயிலும் வேண்டும். மூணாறை ஒட்டிய குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி போட்டார்கள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் நீராவி ரயில் விட்டார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ரயிலில் வரும்; அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும்; கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி. டாப் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்ற பெயர்களே அந்தக் கம்பிவடத்தின் மேல்முனையும் கீழ்முனையும்தான். 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

கணக்குப் பாருங்கள். மலை ரயில் போனது 1924இல். போடிக்கு ரயில் வந்தது 1928இல். ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் ஓடவிட்டால் அது பொய் என்று விளக்கிச் சொன்னேன். "தெரியும்ணே. மேசையிலயாச்சும் ரெண்டும் பாத்துக்கட்டுமே" என்கிறான். இதற்கு என்ன பதில் சொல்வது? கம்பிவடத்தின் இறக்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் பதினோரு மீட்டர் உயரம் வேண்டும். என் மாடிக்கூரை மூன்று மீட்டர். "கூரையில ஒரு ஓட்டை போட்டுக்கலாம்" என்றான். என் வீட்டுக் கூரையில்!

வெளிநாட்டில் இந்தக் கிறுக்கர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் 1935இலேயே கூடி ஒரு தேசியச் சங்கம் வைத்து, சக்கரம் இவ்வளவு, தண்டவாளம் இவ்வளவு என்று வரையறை எழுதிக்கொண்டார்கள். ஒருவர் பெட்டி இன்னொருவர் தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்பதற்காக. ஐரோப்பாவில் ஆளுக்கொரு பலகை செய்து, ஒரு கூடத்தில் கொண்டுவந்து மாட்டி, ஊர் ஊராக ரயில் விடுகிறார்கள். நாமும் அப்படிச் செய்வோம் என்று பிரித்துக்கொடுத்தேன். பாதை மொத்தம் சுமார் 90 கிலோமீட்டர். சுருக்கினாலும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். ஆகவே ஸ்டேஷன்கள் மட்டும். உசிலம்பட்டி ஒருவருக்கு, ஆண்டிபட்டி ஒருவருக்கு, தேனி ஒருவருக்கு, போடி எனக்கு.

பலகைகள் வந்து சேர்ந்தன. தேனி என் போடியைவிட நாலு விரல் உயரம். கேட்டால், "எனக்கு முதுகு வலி, குனிய முடியாது" என்கிறார். உசிலம்பட்டிக்காரர் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் பதித்துக்கொண்டு வந்திருக்கிறார். அது ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு உள்ள அளவு. நம் மீட்டர் கேஜுக்குப் பதினொன்றரை வர வேண்டும். கடையில் கிடைப்பது சுவிட்சர்லாந்து மலைரயில் மாடல்களுக்கென்று வரும் 12 மில்லிமீட்டர். அதை வரவழைக்கலாம் என்று பேசித்தானே வைத்திருந்தோம்? "இதுதான்ணே விலை கம்மி" என்கிறார். ரயில்வேக்காரர்கள் கேஜ் மாற்ற பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டதைத் திட்டாத நாளில்லை இவர். உசிலம்பட்டி கேஜை இவர் எப்போது மாற்றுவார்?

இவ்வளவும் போதாதென்று ஜல்லி. தண்டவாளத்தடியில் கொட்டும் ஜல்லியைச் சுருக்கினால் அரை மில்லிமீட்டர் மணல். கொட்டகுடி ஆற்று மணலைச் சலித்தால் கச்சிதமாகக் கிடைக்கும். ஏலக்காய் தரம் பிரிக்கும் ஊரில் சல்லடைக்கா பஞ்சம்? ஆனால் ஏலக்காய்ச் சல்லடையில் எட்டு மில்லிமீட்டரில் நிற்பதும் ஏழில் நிற்பதும்தான் விலையைத் தீர்மானிக்கும். மணலுக்கு ஆவது மாவுச் சல்லடை. அது எந்த வீட்டு அடுக்களையிலிருந்து வந்தது, அந்த வீட்டில் அன்று ராத்திரி என்ன நடந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

விட்டுத் தொலைக்கலாமே என்பீர்கள். எப்படி விடுவது? மோட்டார் நின்றுபோனால் கடையைச் சாத்திவிட்டு சால்டரிங் அயர்னோடு ராத்திரி வந்து உட்காருகிறவர் அந்த முதுகுவலிக்காரர்தான். சிக்னல் கம்பம் எந்தப் பக்கம் நின்றது, கை இறங்கியிருந்தால் என்ன பொருள் என்று சொல்ல ரயில்வே அண்ணனை விட்டால் எனக்கு நாதி இல்லை. அவரோடு பேச்சை முறித்தால் பழைய போடி ஸ்டேஷனில் பாதி போய்விடும்.

எரிச்சலின் வேர் அங்கேதான் இருக்கிறது. பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயில், மூணாறில் ஓடியதைப் போன்றதேதான். அதன் எஞ்சின் இன்றும் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. செய்கிறவன் போய் அளந்துகொள்ளலாம். புனேயில் ஒரு மனிதரின் ஆசை 1998இல் சின்ன ரயில்களுக்கான அருங்காட்சியகமாகவே ஆகிவிட்டது. இந்தப் பக்கம் நான் போய் அளக்க என்ன இருக்கிறது? நடைமேடை எத்தனை அடி, தண்ணீர்த் தொட்டி எந்த நிறம் என்று கேட்டால் வரைபடத்தை யாரும் நீட்டுவதில்லை, மனுஷர்களைத்தான் கைகாட்டுகிறார்கள். மனுஷர்களோ ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கூட்டாளிகளோடு சண்டை போடாமல் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாத நிலைமை எங்களுக்கு.

ஆகவே ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், மதுரைக்குப் போன படத்தில், மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் ஒரு துண்டு ரயில் பெட்டி தெரிந்தாலும் போதும். கொடுங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று எங்களுக்கு வேண்டாம். கல்யாணம் எந்த வருஷம் என்று மட்டும் பின்னால் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வருஷம் கிடைத்தால் ஒரு சண்டையாவது தீரும். டீச்செலவும் கொஞ்சம் குறையும். அதையும் இதுவரை நான்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.