எல்லைக்கப்பால் ஒரு சாயப்பட்டறை

நாடுகளைப் பிரிக்கும் எல்லைக்கோடு அறிவு வளர்ச்சிக்கும் வேலியாகும் என்பார் பலர். எல்லைகள் அழிந்தாற் புத்தாக்கம் தானே பெருகும் என்பது அன்னார் துணிபு. அண்மையில் மாணவர் சங்கமொன்றில் அன்பரொருவர் இவ்வாறே பேச, மண்டபம் கைதட்டி ஏற்றது. என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. இரசாயனம் கற்பித்தவனாகிய எனக்கு அவ்வேளை பாசல் நகரின் கதையே நினைவுக்கு வந்தது.

சுவிற்சர்லாந்தும் பிரான்சும் ஜேர்மனியும் கூடுமிடத்தில், இரைன் நதிக்கரையில் உள்ளது பாசல். பட்டு நாடாவுக்குப் பேர்போன ஊர். 1856 இல், பதினெட்டே வயதான பேர்க்கின் இலண்டனில் ஊதாச் சாயமொன்றைக் கண்டார்; நிலக்கரித் தாரிலிருந்து நிறம் பிறக்கும் என்ற செய்தி ஐரோப்பாவெங்கும் பரவிற்று. அடுத்து, லியோன் நகரத்து வேர்கன் 'பூக்சின்' என்னுஞ் செஞ்சாயத்தை ஆக்கினார். 1859 இல் இரெனார் சகோதரர் அதற்கு ஆக்கவுரிமை பெற்றனர்.

இங்கேதான் சட்டம் குறுக்கிட்டது. பிரெஞ்சுச் சட்டம் உரிமை வழங்கியது செய்முறைக்கன்று, விளைபொருளுக்கு. அதே சாயத்தை வேறு வழியால், இன்னும் மலிவாக ஒருவர் ஆக்கினும் அது குற்றமே. முல்கவுஸ் நகரத்துக் கேர்பர்-கெல்லர் அவ்வாறு வேறொரு முறையைக் கண்டு, வழக்கிலே தோற்றார். கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்ன கதைதான்.

முல்கவுசிலிருந்து பாசல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். சுவிற்சர்லாந்திலோ அக்காலத்தில் ஆக்கவுரிமைச் சட்டமே கிடையாது! சாயத்தொழில் வல்லார் பலர் எல்லை கடந்தனர். கேர்பர் குடும்பத்தாரும் அவருள் அடங்குவர். லியோனிலிருந்து முன்னரே வந்து பாசலிற் பட்டுக்குச் சாயந் தோய்த்துவந்த அலெக்சாந்தர் கிளவெல், 1859 இலேயே பூக்சின் ஆக்கத் தொடங்கியிருந்தார். அவர் பட்டறையே பின்னர் 'சீபா' என்னும் பெருங் கொம்பனியாயிற்று. லியோனில் 1863 இல் ஏகபோகத்துக்கென அமைந்த பூக்சின் கொம்பனியோ 1868 இல் முறிந்தது.

அந்த எல்லை இரு சட்டங்களின் வேறுபாட்டைக் காத்தது. ஆயின் ஆள் கடப்பதைத் தடுக்கவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தமைதான் பாசலின் பேறு. எல்லையே இன்றிப் பிரெஞ்சுச் சட்டம் இருபுறமும் ஆண்டிருப்பின் கேர்பர் குடும்பத்தார் எங்கே போயிருப்பர்? முல்கவுஸ் 1798 வரை சுவிஸ் கூட்டிணைவின் நேச நகரமாயிருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அந்நிலை நீடித்திருப்பின் எவரும் பெயர்ந்திரார். பெருமை முல்கவுசுக்கே போயிருக்கவுங் கூடும்.

இதைக் களவென்பாரும் உளர். தொடக்கத்தில் அது போலச்செய்தலே, மறுக்கேன். ஆனாற் போலச்செய்தவர் கற்றனர். ஜேர்மனியின் நெருக்குதலால் 1907 இல் சுவிஸ் சட்டம் இரசாயனச் செய்முறைகளையும் உள்ளடக்கியபோது, பாசல் தன் காலில் நின்றுவிட்டது. அந்நகரத்துக் கெய்கி கொம்பனியின் பவுல் முல்லர், டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939 இற் கண்டு, 1948 இல் நொபெல் பரிசு பெற்றார். அம்மருந்து பிற்காலத்தில் எய்திய அவப்பெயர் வேறு கதை.

எனக்குள்ள உறுத்தல் பிறிதொன்று. பூக்சின் ஆக்க அக்காலத்தில் ஆசனிக்கமிலம் பயன்பட்டது. 1864 இற் பாசலிலே பட்டறையொன்றின் கழிவு அயற்கிணறுகளிற் கலந்து மக்கள் நோயுற்றனர், நடத்தியவர் தண்டிக்கப்பட்டார். ஊருக்குள் நேர்ந்த தீங்கை ஊர் நீதிமன்றம் விசாரிக்க முடிந்தது. எல்லை கடந்த தீங்கை யார் விசாரிப்பது? 1986 நவம்பர் 1 ஆந் திகதி, பாசலுக்கு அண்மையில் இரசாயனக் களஞ்சியமொன்று தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு பூச்சிகொல்லிகளும் சாயமும் இரைனுக்குள் ஓடின. நதி சிவந்தது, விலாங்குகள் செத்து மிதந்தன. நதி வழியே, அயல்நாட்டு ஊர்களில், குடிநீர் எடுப்பதை நிறுத்தினார்கள்.