பச்சைக் கல்லின் விலையும் பாடுபட்டவன் பெயரும்

2021 டிசம்பர் இறுதியில் தஞ்சாவூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. சிலைத் திருட்டுத் தடுப்புப் போலீசார், வங்கிப் பெட்டகம் ஒன்றில் இருந்த மரகத லிங்கத்தைக் கைப்பற்றினார்கள். உயரம் 8 சென்டிமீட்டர். எடை 530 கிராம். மதிப்பு 500 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது! நாடெங்கும் பத்திரிகைகள் அந்தத் தொகையைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன.

அரை கிலோவுக்குச் சற்றே மேற்பட்ட கல். ஒரு படி அரிசியின் எடைகூட இல்லை. நாள் முழுதும் குனிந்து நாற்று நடுகிறவரும், எட்டு மணி நேரம் ஆலையில் இயந்திரத்தின் முன்னே நிற்கிறவரும் கேட்கிறார்கள்: "அந்தக் கல்லுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடுவோம்.

முதலில் கல்லைப் பார்ப்போம். மரகதம் என்பது பெரில் என்னும் கனிமத்தின் ஒரு வகை. பெரிலியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்ஸிஜன் ஆகியவை கூடி உண்டானது. சுத்தமான பெரிலுக்கு நிறமே கிடையாது. அதில் இரும்பு சிறிது கலந்தால் கடல் நீலம் பெறும். குரோமியம் சிறிது கலந்தால் பச்சை ஏறும், அதுதான் மரகதம். காங்கேயத்தை அடுத்த படியூரில் பழங்காலத்தில் நம் மக்கள் வெட்டியெடுத்தது இந்தப் பெரிலின் நீல வகையைத்தான். அக்காலத்தில் கற்களை அறுத்து மணி கோத்த தொழிலாளர் ஊர் ஒன்று நொய்யல் கரையிலே கொடுமணலில் அகழாய்வின் மூலம் வெளிப்பட்டிருக்கிறது. நீலக் கல்லும் பச்சைக் கல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் சந்தையில் பச்சைக்குத்தான் கிராக்கி.

ஏன்? பெரிலியம் பெரும்பாலும் கருங்கல் இனத்துப் பாறைகளைச் சார்ந்து வருவது. குரோமியமோ பூமியின் ஆழத்திலிருந்து வந்த வேறு இனப் பாறைகளில் இருப்பது. இரண்டும் ஓரிடத்தில் சந்திப்பது அபூர்வம். சந்தித்து விளைந்த கல்லிலும் விரிசல் இல்லாதது அரிது. அந்த விரிசல்களுக்குத் 'தோட்டம்' என்று செல்லப் பெயர் வைத்து, எண்ணெய் ஏற்றி மறைத்து விற்பது உலகெங்கும் உள்ள வியாபார வழக்கம். நல்ல நிறம், தெளிவு, பருமன் மூன்றும் சேர்ந்த கல் கிடைப்பது குதிரைக் கொம்பு.

அபூர்வம் என்று சொன்னால் அதன் பொருள் என்ன? ஒரு நல்ல கல்லைக் காண மலை மலையாய்ப் பாறையை உடைக்க வேண்டும். மண்ணைச் சலிக்க வேண்டும். நூறு நாள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அத்தனை உழைப்பும் அந்த ஒரு கல்லின் கணக்கில் ஏறுகிறது. வைரத்தைப் பற்றி எழுதும்போது காரல் மார்க்ஸ் காட்டியதும் இதைத்தான். 1930-களில் அமெரிக்கரான கரோல் சாத்தம் சோதனைச் சாலையிலேயே மரகதத்தை விளைவித்துக் காட்டினார். அதே சரக்கு, அதே பச்சை! ஆனால் சுரங்கக் கல்லின் விலை அதற்குக் கிடைப்பதில்லை. மதிப்பு பச்சை நிறத்துக்குள் குடியிருந்தால் இரண்டும் ஒரே விலைக்கல்லவா போக வேண்டும்?

அப்படியானால் அந்த உழைப்பைத் தந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? கொலம்பியா நாட்டைக் கேளுங்கள். உலகப் புகழ் பெற்ற முசோ சுரங்கங்கள் அங்கே இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளை வென்று, அவர்களைக் கட்டாய வேலைக்கு இறக்கினார்கள். அவர்கள் செத்து விழுந்த இடத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டு வந்தார்கள். அந்தக் கற்கள் கடல் கடந்து மொகலாயர் கஜானா வரை வந்தன.

அந்தக் கற்களில் ஒன்றுக்கும் நம் செஞ்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 'மொகலாய மரகதம்' என்று பெயர் பெற்ற அந்தக் கல் 217.80 காரட், அதாவது சுமார் 44 கிராம். ஒரு முகத்தில் பூ வேலை. மறு முகத்தில் பிரார்த்தனை வாசகமும் ஹிஜ்ரி 1107 என்ற ஆண்டும். நம் கணக்கில் அது 1695-96. அப்போது ஔரங்கசீப்பின் படை எங்கே இருந்தது? செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில்! 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. உள்ளே ராஜாராமின் மராட்டியப் படை. வெளியே சுல்பிகர் கானின் மொகலாயப் படை. இரண்டு படையும் தின்றது உழவன் விளைத்த தானியத்தை. படைக்கும் கஜானாவுக்கும் பணம் சேர்த்தது உழவன் கட்டிய நிலவரி. மரகதத்தில் பூச் செதுக்கிய காலமும், செஞ்சிச் சீமை முற்றுகையில் வதைபட்ட காலமும் ஒன்றே.

2001-இல் லண்டன் ஏலத்தில் அந்தக் கல் 15 லட்சம் பவுனுக்கு மேல் விலை போனது. அன்றைய கணக்கில் சுமார் 10 கோடி ரூபாய். தோண்டியவனின் கூலியையும் செதுக்கியவனின் கூலியையும் எத்தனை மடங்கு பெருக்கினாலும் இந்தத் தொகை வராது. மிச்சம் எங்கிருந்து வந்தது? பாதுஷாவின் கால முத்திரையிலிருந்தும், வேறு யாரிடமும் இல்லாதது தன்னிடம் இருக்க வேண்டும் என்ற செல்வர்களின் போட்டியிலிருந்தும் வந்தது. ஆனால் செதுக்கிய கைவினைஞனின் பெயர் அந்தக் கல்லில் இல்லை.

இப்போது நம் தொண்டூருக்கு வாருங்கள். இங்குள்ள குன்றில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அருகே சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்ப் பிராமி எழுத்து. இளங்காயிபன் சொல்ல, அகழூரார் அளித்த கொடை அது என்கிறது அந்த வாசகம். அதோடு நின்றதா? செய்தவன் மோசி என்று வேலையாளின் பெயரையும் சொல்கிறது! சாதாரணப் பாறை. எந்த ஏலக்காரனும் அதற்கு விலை கூறியதில்லை. ஆனால் மொகலாய மரகதம் மறந்துவிட்ட பெயரைத் தொண்டூர்ப் பாறை காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கல்லுக்குத் தனியாக எந்தச் சக்தியும் கிடையாது. புதன் தோஷம் நீங்கப் பச்சைக் கல் மோதிரம் போடு என்று சொல்லி, போனஸ் பணத்தைப் பறிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கடன் தீராததற்கும் கூலி போதாததற்கும் காரணம் கிரகத்தில் இல்லை. மோதிரம் விற்பவனின் கடன்தான் அதனால் தீரும்.

இரண்டாவது, 500 கோடி என்பது ஒரு மதிப்பீடு. யாரும் கொடுத்த விலையல்ல. கோயிலில் வைத்து ஊரார் வழிபடும் லிங்கம் ஊரின் சொத்து. சந்தைச் சரக்கு அல்ல. தொகையை மட்டும் பறைசாற்றினால் திருடனுக்குத்தான் வழி காட்டுகிறோம். எந்தக் கோயிலில் எந்தச் சிலை, எந்தக் கல் இருக்கிறது என்ற பட்டியலும் புகைப்படமும் அந்தந்த ஊராரின் பார்வைக்கு வர வேண்டும். இருப்பது தெரிந்தால்தானே காணாமற்போனது தெரியும்?

மூன்றாவது, விலை கூறப்படாத சொத்துக்கும் காவல் வேண்டும். பாறையை ஜல்லியாக உடைத்தால் லோடு கணக்கில் காசு. மோசியின் பெயர் போய்விட்டால் எத்தனை கோடி கொடுத்தும் மீட்க முடியாது.

மரகதத்துக்குப் பெட்டகமும் போலீசும் காவல் இருக்கின்றன. தொண்டூர்ப் பாறைக்கு நம்மைத் தவிர வேறு காவல் யார்?