எங்கே நிற்பது என்பதே முதல் பாடம்

மலேசியப் பள்ளிகளில் 2017 முதல் கணினிச் சிந்தனை பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதற்காக ஈப்போவின் புந்தோங் பிள்ளைகளுக்கு லூப் (கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யும் அமைப்பு) சொல்லித்தரும்போது, திரும்பச் செய்வதைவிட நிறுத்துவதை முதலில் காட்ட வேண்டும் என்பேன். பைத்தானில் 12 வரை வாய்ப்பாடு அச்சிட ரேஞ்ச்(1, 12) என எழுதினால் 11 வரிகளே வரும். கடைசி எண் சேராது. வைல் லூப்பில் எண்ணியைக் கூட்ட மறந்தாலோ, முதல் வரியே ஓயாமல் அச்சாகும். இரண்டும் நிறுத்தத்தில் நேரும் பிழைகள். கடலை வகைகள் விற்கும் கச்சாங் பூத்தே கடையில் ஐம்பது பொட்டலம் கட்டுவதும், தட்டு காலியாகும்வரை கட்டுவதும் வேறு வேறு வேலை; முன்னது ஃபார் லூப், பின்னது வைல் லூப்.

தொடக்கத்திலேயே நிறுத்தும் நிபந்தனையைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் சலித்துப்போவார்கள் என்பார்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. ஸ்க்ராட்ச் நிரல்மொழியில் நகர்ந்து 90 பாகை திரும்புவதை 4 முறை செய்தால் சதுரம். 3 ஆக்கினால் ஒரு பக்கம் திறந்தே நிற்கும். ஏன் என்று பிள்ளையே கேட்கும். அப்போது ஒவ்வொரு சுற்றையும் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லலாம். அதற்குக் கணினிகூட வேண்டாம்.