கடைசி வேன் எத்தனை மணிக்கு?

நவம்பர் பிறந்துவிட்டால் ஆலய வாலிபர் சங்கங்களில் ஒரே பேச்சுதான். என்ன நிறத்தில் சட்டை? யார் கிறிஸ்துமஸ் தாத்தா? பிரியாணியா, மீ கோரெங்கா? கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தம்பி தங்கைகளே, இவையெல்லாம் பிறகு. கூட்டக் குறிப்பில் முதலில் எழுத வேண்டிய கேள்வி வேறு. விருந்து முடிந்து தோட்டத்துப் பிள்ளைகள் எப்படி வீடு போய்ச் சேருவார்கள்?

ஒரு காலத்தில் லயமும் சிற்றாலயமும் கூப்பிடு தூரத்தில் இருந்த தோட்டங்கள் உண்டு. இன்று அந்தக் குடும்பங்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ரவாங் என்று பல ஊர்களில் சிதறிவிட்டன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப் பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ஆனாலும் தோட்டத்தில் தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்களே! இரவு பத்து மணிக்குச் செம்பனைக் காட்டுச் சாலையில் அவர்கள் எந்த பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள்? "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று பட்டணத்துச் செயலாளர் சொல்வது சுலபம். மகளை அனுப்பத் தயங்கும் தாய்க்கு ஆர்வக்குறைவு இல்லை, ஐயா. யார் கொண்டுவந்து விடுவார்கள் என்ற கேள்விக்குத்தான் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஆகவே விருந்தைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள். கடைசிப் பிள்ளை ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டுமானால், வேன் எட்டுக்குப் புறப்பட வேண்டும். அப்படியானால் மாலை நான்குக்கே தொடங்கிவிடுங்கள். வெளிச்சத்தில் விளையாட்டு, பிறகு பாட்டு, ஏழு மணிக்குச் சாப்பாடு. வண்டி வைத்திருக்கும் பெரியவர்களை இப்போதே கேட்டு வையுங்கள். பெட்ரோல் காசு சங்கத்துச் செலவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மழையையும் கணக்கில் எடுங்கள். 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் சிலாங்கூரில் பல இடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கிறிஸ்துமஸுக்கு அப்போது ஒரு வாரம்தான் இருந்தது. திடலில் கூடாரம் போட்டு ஒப்பேற்றலாம் என்று இராமல், கூரையுள்ள இடமாகப் பாருங்கள்.

அடுத்தது பரிசு. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பரிசு கொண்டுவரச் சொல்வது வழக்கம். ஒருவர் ஐம்பது வெள்ளிக் கைக்கடிகாரம் கொண்டுவருவார், இன்னொரு பிள்ளை இரண்டு கைக்குட்டையை மடித்துக்கொண்டு வந்து கூசி நிற்கும். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை வராது. இதற்குச் சங்கமே எல்லாருக்கும் ஒரே விலையில் வாங்கிக் கட்டிவிடலாம். என்னைக் கேட்டால், கையால் செய்ததைத்தான் தர வேண்டும் என்று விதி வைப்பது இன்னும் நல்லது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலிப்பதையும் விட்டுவிடுங்கள். முடிந்தவர்கள் உறையில் போடட்டும், யார் எவ்வளவு போட்டார்கள் என்பது பொருளாளரோடு நிற்கட்டும்.

சாப்பாட்டில் ஒன்று மறவாதீர்கள். டிசம்பர் 25 மார்கழியில் வருகிறது. பக்கத்து வீட்டு இந்து நண்பர்களில் மார்கழி நோன்பு பிடிப்பவர்களும், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் இருப்பார்கள். அவர்களையும் அழைக்கத்தானே போகிறீர்கள்? சைவச் சமையலுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி வையுங்கள். கோழி இருக்கட்டும், மாட்டிறைச்சி வேண்டாம். அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் அம்மாமார் பொறுப்பு என்று தள்ளிவிடாமல், பையன்களும் ஒருநாள் மாவு பிசையட்டும். கை வலித்தால்தான் பலகாரத்தின் அருமை தெரியும்!

அலங்காரத்துக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். கடற்கரைப் பக்கம் சவுக்கு மரம் உள்ளவர்களிடம் கேட்டு ஒரு கிளை வாங்கினால் போதும். விளக்குச் சரத்தில் போட்டிக்கு இறங்கினாலும் நாம் தோற்பது உறுதி. கம்போங் குவாந்தான் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஆண்டு முழுவதும் பில் கட்டாமல் எரிகின்றனவே!

குடிலை மட்டும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டுவந்துதான் வைத்தார். மாடு வளர்க்கும் வீடு இருந்தால் ஒரு கன்றைக் கேட்டுப் பாருங்கள். கன்றைப் பழக்கியவரே கூட நிற்கட்டும், வெடிச்சத்தம் கூடவே கூடாது.

பெற்றோருக்கு அனுப்பும் அழைப்பில் வேன் ஓட்டுபவர் பெயர், அவர் தொலைபேசி எண், திரும்பி வரும் நேரம் மூன்றும் இருக்க வேண்டும். திருவருகைக்கால முதல் ஞாயிறன்றே அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் போடாதீர்கள், நேரில் போங்கள். போன வீட்டில் தேநீர் கொடுத்தால் உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்.