கடி பழகியது, கிருமி பழகவில்லை

வேலை நிமித்தம் வெளிநாடு போகும் ஊழியரின் உடல்நலம் அவரவர் பொறுப்பு என்று ஒரு முகாமையாளர் அண்மையில் எழுதியிருந்தார். போகிறவர் வளர்ந்த ஆள், காப்புறுதி எடுத்துக் கொடுத்தாயிற்று, கைச்செலவுக்கும் கொடுத்தாயிற்று, இதற்கு மேல் கம்பனி தாதி வேலையும் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார். போதாக்குறைக்கு, ஆப்பிரிக்கா போகிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது, ‘நம்மவர்களுக்கு நுளம்புக்கடி பழகிய உடம்பு’ என்று கொஞ்சம் வைத்தியமும் பார்த்திருக்கிறார்.

அந்த வைத்தியத்திலிருந்தே தொடங்கலாம். இதை நான் பாப்பாமோட்டையில் இருந்து எழுதுகிறேன். மன்னார் – பூநகரி வீதியில், விடத்தல்தீவுக்கு முன்னால் வரும் ஊர். நுளம்பைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. காய்ச்சல் என்றாலே மலேரியாதான் என்றிருந்த காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கிறது. ஆனால் இலங்கையில் உள்ளூர்க் கிருமியால் வந்த மலேரியா கடைசியாகப் பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. மலேரியாவுக்கு எதிராக உடம்பு சேர்த்துக்கொள்ளும் அரைகுறைத் தாங்குசக்தியும் அடிக்கடி தொற்றிக்கொண்டிருந்தால்தான் நிற்கும், விட்டுப்போனால் கரைந்துவிடும். எங்கள் பொடியனுக்குக் கடி பழகியிருக்கிறது, கிருமி பழகவில்லை. உகண்டாவில் இறங்கும்போது அவனும் சுவீடன்காரனும் ஒன்றுதான். என்ன, சுவீடன்காரன் குளிசை போட்டுக்கொண்டு வந்திருப்பான்.

உகண்டாவைச் சும்மா சொல்லவில்லை. இலங்கைக் கம்பனிகள் அங்கே சிறு நீர்மின் நிலையங்கள் கட்டியிருக்கின்றன. நமது ஆடைத் தொழில் எத்தியோப்பியாவுக்கும் கென்யாவுக்கும் போயிருக்கிறது. இரத்தினக்கல் வியாபாரிகள் மடகாஸ்கருக்குப் போய்வருவது பழைய கதை.

அடுத்து அந்தக் காப்புறுதி. பயணக் காப்புறுதி பெரும்பாலும் கட்டுநாயக்கவில் வந்து இறங்குவதோடு முடிகிறது. ஃபல்சிபாரம் வகை மலேரியாவோ, நுளம்பு கடித்து ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சலாக வரும். சிலருக்கு அதற்கும் பிந்தும். வைவாக்ஸ் வகை என்றால் ஈரலில் படுத்துக் கிடந்து மாதக்கணக்கில் கழித்தும் எழும்பும். ஆக, காய்ச்சல் வருகிற நாளில் பொடியன் ஊரில் இருக்கிறான், காப்புறுதி காலாவதியாகிவிட்டது. பனடோல் போடுகிறான். டெங்குவாக இருக்கும் என்கிறார்கள். தன் வாழ்நாளில் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்டிராத இளம் வைத்தியர் முன் போய் உட்காருகிறான். ‘எங்கே போய் வந்தாய்?’ என்ற கேள்வி ஒரு நாள் பிந்தினாலும் ஃபல்சிபாரம் மூளைக்கு ஏறக்கூடும். 2023இல் ஆப்பிரிக்கா போய்த் திரும்பிய ஒருவர் மலேரியாவால் இறந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் நாட்டில் நேர்ந்த முதல் மலேரியாச் சாவு அது.

‘வளர்ந்த ஆள், தானே பார்த்துக்கொள்ளலாம்’ என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மலேரியாத் தடுப்புக்கான மெஃப்ளோகுயின் குளிசையைப் புறப்படுவதற்கு இரண்டு வாரமாவது முன்னால் தொடங்க வேண்டும், திரும்பி வந்தும் நான்கு வாரம் போட வேண்டும். டொக்சிசைக்ளின் போல ஓரிரு நாளைக்கு முன் தொடங்கும் மருந்தும் உண்டு. அதற்கும் முதலில் வைத்தியரிடம் போக நேரம் வேண்டும். புறப்படும் திகதி யார் கையில்? வெள்ளிக்கிழமை பின்னேரம் கடிதத்தைக் கொடுத்து ஞாயிறு விமானம் என்பவர் முகாமையாளர். நாளைத் தன் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் தள்ளிவிடுவது நல்ல கணக்கு.

இத்தனைக்கும் மஞ்சட்காய்ச்சல் ஊசியை இதே கம்பனிகள் மறப்பதில்லை. ஊசி போட்டுப் பத்து நாளாக வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஏனென்றால் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையை விமான நிலையத்தில் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆளைத் திருப்பிவிடுவார்கள், பயணச் செலவு வீண். மலேரியாக் குளிசையை எந்தக் கவுண்டரிலும் யாரும் கேட்பதில்லை. கேட்கும் இடத்தில் அக்கறை, கேளாத இடத்தில் ‘அவரவர் பொறுப்பு’.

சரி, அவன் உடம்பு அவன் பாடு என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் கிணறுகள் யார் பாடு? நாடு சான்றிதழ் வாங்கிய அதே 2016இல்தான் அனோபிலிஸ் ஸ்டீஃபென்சி என்ற நுளம்பு மன்னார்த் தீவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் சாதி. கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். பரப்புகிற நுளம்பு இங்கே தயாராக இருக்கிறது, கிருமிதான் இல்லை. அதை ஒருவர் இரத்தத்தில் கொண்டுவந்து இறக்கினால் போதும். 2018இல் மொனராகலையில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் மூலம் உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. சுகாதாரப் பகுதியினர் ஓடித்திரிந்து பரவாமல் தடுத்தார்கள். 1963இலும் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா இருந்தது. ஒழிந்துவிட்டது என்று கைவிட்டார்கள். ஆறு ஆண்டில், 1969இல், ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

இராணுவமும் ஆட்களை வெளிநாடு அனுப்புகிறது. அதைப் புகழ எனக்கு ஒரு தேவையும் இல்லை. ஹெய்ட்டிக்குப் போன அமைதிப்படையில் நூற்றுக்கு மேற்பட்டோர் 2007இல் பாலியல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டதை மறக்கவும் இல்லை. ஆனாலும் அங்கே போன படையினருக்கு மலேரியாக் குளிசை கொடுத்தே அனுப்பினார்கள். சிப்பாயைப் பார்த்து ‘நீ வளர்ந்த ஆள்’ என்று யாரும் சொல்லவில்லை.

குளிசைக்குச் செலவு என்ன என்று முகாமையாளர் கேட்கலாம். நாரஹேன்பிட்டியில் மலேரியா தடை இயக்கத்தின் அலுவலகம் இருக்கிறது. பயணிகளுக்கு அங்கே குளிசை இலவசம், திரும்பி வந்தபின் இரத்தப் பரிசோதனையும் இலவசம். கம்பனியின் பங்கு, போகுமுன் அரை நாள் லீவு, வந்தபின் இன்னோர் அரை நாள். இந்த ஒரு நாளுக்குத்தான் அவர் ‘தாதி வேலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்.