கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

போட்டோவைக் கொடுத்தால் பறவையின் பெயரைச் சொல்லும் புரோகிராம்கள் இன்று நிறையவே உள்ளன. நல்ல வசதிதான். ஆனால் அவை காட்டும் முதல் பெயரை அப்படியே ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் வாழும் தார்ன்பில் குருவிகளைப் பாருங்கள். நீளம் சுமார் 10 செ.மீ. தான். பிரவுன் தார்ன்பில், ஸ்ட்ரையேட்டட் தார்ன்பில் ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முதலாவதற்குக் கண் கருஞ்சிவப்பு. நெற்றியில் செதில் போன்ற அடையாளம் உண்டு. இரண்டாவதற்குக் கண் வெளிறியிருக்கும்; தலையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். முதலாவது பெரும்பாலும் புதர்களில் இரை தேடும். இரண்டாவது யூகலிப்டஸ் மரங்களின் மேல் கிளைகளில்.

படத்திற்கு ஆட்டோ கலர் கொடுத்தால் கண்ணின் நிறமே மாறிவிடலாம். ஓரங்களை வெட்டினால் புதரா, மரமா என்ற தடயமும் போய்விடும். எனவே ஒரிஜினல் பைலில் கை வைக்காதீர்கள். காப்பி எடுத்து அதில் மாற்றங்களைச் செய்யுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நீங்கள் ஒரு பெயரைக் கொடுத்து, இன்னொருவரும் அதை ஆமோதித்தாலே அந்தப் பதிவு ஆய்வுத் தரம் பெற்றுவிட முடியும். பின்னர் அது ஆராய்ச்சியாளர்களின் கைக்குச் செல்கிறது. தவறான பெயரும் கூடவே போகும். ஆகவே கண்ணும் நெற்றியும் தெளிவாக இல்லாத படத்திற்குத் "தார்ன்பில்" என்று மட்டும் கொடுங்கள். அந்தத் தளம் அதையும் ஏற்றுக்கொள்ளும். தெரிந்த வரை சொல்லி நிறுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.