கூடாரமடிக்க மணல் எங்கே?

சக்கரம் பூட்டிய வீட்டில் சென்று கடலோரத்தில் இரவு தங்குவது மேனாட்டார் வழக்கம். அண்டை மாநிலமாம் கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. நம் வடசென்னைக்கும் வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். வரட்டும்! ஆனால், இராயபுரத்தில் வண்டியை நிறுத்தக் கரை எங்கே?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த துறைமுகச் சுவர்கள், வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தேய்ந்தது. இன்று நம் கரையின் பெரும்பகுதிக்குக் கருங்கல்லே காவல்.

தெற்குக்கு மணல், வடக்குக்குக் கல் என்பது என்ன நீதி? விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலைக் கொண்டே தேய்ந்த கடற்கரையை நிரப்புகிறார்கள். இங்கும் அதுவே முதற்பணியாகட்டும். மணல் மீளட்டும், அதில் மீனவர் வலை முதலில் உலரட்டும், உல்லாசக் கூடாரம் பிறகு எழட்டும்!